நிகராகுவா சுருட்டுக்கு நான் சொன்ன தீர்ப்பு

உள்ள வாங்க தம்பி, செருப்போடவே வாங்க, பரவாயில்ல. குன்னூர்ல இந்தக் குளிர்ல செருப்பைக் கழட்டச் சொல்றவன் மனுஷனா? மாடி போர்ஷன் பாக்கத்தானே வந்தீங்க? சாவி எஸ்தர்கிட்ட இருக்கு. எஸ்தர்னா என் சம்சாரம். மார்க்கெட் வரைக்கும் போயிருக்கா, இப்ப வந்துடுவா. இந்த வீட்ல எல்லாச் சாவியும் அவகிட்டதான். எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இந்தப் பிரம்பு நாற்காலி.

உக்காருங்க. பால் அடுப்புல வச்சிருக்கேன், காபி போடறேன். காபின்னு ஒரு மரியாதைக்குச் சொல்றேன், அப்புறம் குடிச்சுட்டு என்னைத் திட்டக் கூடாது. இப்ப எவன் காபி விக்கிறான்? புளியங்கொட்டையோ என்ன எழவையோ வறுத்து அரைச்சு, மேல காபின்னு எழுதி ஒட்டிடறான். கடை கடையா மாத்திப் பாத்துட்டேன், எல்லாம் ஒரே கசப்புத் தண்ணி. எஸ்தர் என்னமோ அதைப் பிரமாதம்னு சொல்லிச் சொல்லிக் குடிக்கிறா. அவ எதைத்தான் குறை சொல்லியிருக்கா.

இல்ல இல்ல, நீங்க எந்திரிக்காதீங்க. பால் காஞ்சா வாசனை வந்துடும், அதுக்குன்னு அடுப்புகிட்டயே காவல் நிக்கணுமா? என் மூக்கு இருக்கு, பாத்துக்கும்.

என்ன வேலை பாக்கறீங்க? பேங்க்லயா? ரொம்ப நல்லது. அப்ப நியாயம் தெரிஞ்சவரா இருப்பீங்க. உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என் மேல என்ன தப்புன்னு.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரிய நியாயமில்ல, ஊருக்குப் புதுசு. வேதமாணிக்கம்னு இங்க எந்தத் தேயிலைக்காரன்கிட்ட வேணா கேளுங்க. டீ டேஸ்டர். ஏலத்துக்கு வர்ற தேயிலையை ருசி பாத்துத் தரம் சொல்ற வேலை. நீள மேசையில வரிசையாக் கிண்ணம் இருக்கும். ஒவ்வொண்ணுலயும் ஒரு கரண்டி சத்தமா உறிஞ்சி, வாய்க்குள்ள உருட்டி, மூக்குக்கு ஏத்தி, துப்பிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போயிட்டே இருக்கணும். ஒருக்கா ஒரு தோட்டத்து டீயை வாயில வச்சதுமே, "இதைக் காய வைக்கிற எடத்துல எவனோ பெயிண்ட் அடிச்சிருக்கான்"னு சொன்னேன். மேனேஜர் சண்டைக்கு வந்தார். போய்ப் பாத்தா, மிஷின் பக்கத்துச் சுவர்ல பச்சைப் பெயிண்ட் இன்னும் ஈரம் காயல. அதுக்கப்புறம் அந்த ஆளு என்னைப் பாத்தா எந்திரிச்சு நிப்பார். அப்படி ஒரு மூக்கு தம்பி இது.

சும்மா வந்ததா? வேலையில இருந்தவரைக்கும் சிகரெட்டைத் தொட்டதில்ல. காலையில வெங்காயம் சாப்பிட மாட்டேன். கல்யாணமான புதுசுல எஸ்தர் முகத்துக்குப் பவுடர் பூசிக்கிட்டு டிபன் எடுத்து வைக்க வருவா, "வேலைக்குப் போற நேரத்துல பக்கத்துல வராதே"ன்னு விரட்டியிருக்கேன். புதுப் பொண்டாட்டியை எவனாவது விரட்டுவானா? நான் விரட்டினேன். தொழில் அப்படி. அந்தப் பவுடரும் இப்ப முன்ன மாதிரி இல்ல, கவனிச்சீங்களா? வாசனையே கிடையாது. "கம்பெனியை மாத்திட்டியா?"ன்னு கேட்டா, "அதே டப்பாதாங்க"ங்கிறா. டப்பா அதேதான் இருக்கும், உள்ள இருக்கிறது மைதா மாவு.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ரிட்டயர் ஆனதும் நாக்குக்குச் சம்பளம் நின்னு போச்சு. இனிமே அதுவும் கொஞ்சம் ஜாலியா இருக்கட்டுமேன்னு சுருட்டுப் பக்கம் போனேன். கீழ கிளப்புல சனிக்கிழமை மத்தியானம் எங்க கோஷ்டி ஒண்ணு கூடும். கர்னல் பொன்னப்பான்னு ஒரு குடகுக்காரர், ராணுவத்துல இருந்தவர். கதிரேசன்னு பல் டாக்டர். அப்புறம் பொங்கியண்ணன், கோயமுத்தூர்ல பம்பு செட் கம்பெனி, வெயில் ஏறினா இங்க வந்துடுவார். யாராவது ஒரு சுருட்டு கொண்டு வரணும். அதுல சுத்தியிருக்கிற பேர்ப் பட்டையைக் கழட்டிடுவோம், பேரைப் பாத்து மயங்கக் கூடாதில்ல. எல்லாரும் ஒண்ணாப் பத்த வச்சு, ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லணும். கடைசியா நான் சொல்வேன். நான் சொல்றதுதான் தீர்ப்பு. நான் நல்லாயிருக்குன்னு சொன்னாத்தான் கிளப்புல அந்தச் சுருட்டை வாங்கி வைப்பாங்க. நான் வாயைத் திறக்கிறவரைக்கும் கர்னல்கூட மூச்சு விட மாட்டார். அந்தக் கடைசி நாற்காலி என்னுது தம்பி. அதைத்தான் புடுங்கிட்டாங்க.

எப்படின்னா, பொங்கியண்ணனோட அண்ணன் மகன் அமெரிக்காவுல இருக்கான். அவன் வரும்போது ரெண்டு பெட்டி நிகராகுவா சுருட்டு கொண்டு வந்து குடுத்தான். நிகராகுவா எங்க இருக்குன்னு எங்கள்ல யாருக்கும் தெரியாது. கர்னலுக்கும் தெரியாது, ஆனா தெரிஞ்ச மாதிரி தலையாட்டினார். பொங்கியண்ணன் ஆரம்பிச்சார் பாருங்க, "ஏனுங்க, அங்க பூராம் எரிமலைங்க. அந்தச் சாம்பல் விழுந்த மண்ணுல வெளஞ்ச பொகையிலைங்க இது. வருசக்கணக்குல பாடம் போட்டு வெச்சிருந்து, அப்புறந்தான் சுருட்டறாங்க. இதைக் குடிச்சவன் வேற எதையும் தொட மாட்டானுங்க." பம்பு செட்டை இப்படித்தான் வித்திருப்பார்.

நான் எதையும் ஒழுங்காப் பாக்கிறவன். கையில எடுத்தேன். மேல் இலை நல்ல கருஞ்சிவப்பு, எண்ணெய் தடவின மாதிரி பளபளப்பு, நரம்பு துருத்தல. விரலால அமுக்கினா ஒரு முனையிலேருந்து இன்னொரு முனை வரைக்கும் ஒரே இறுக்கம். தலையை வெட்டிப் பத்த வைக்காமலே இழுத்துப் பாத்தேன், தடையில்லாம வந்துச்சு. நெருப்பைத் தொட விடாமத் தள்ளிப் பிடிச்சு, உருட்டி உருட்டிக் காட்டிப் பத்த வச்சேன். ஒரே சீரா எரிஞ்சுது. சாம்பல் வெள்ளை வெளேர்னு, விரல் நீளத்துக்கு உதிராம நின்னுச்சு. இத்தனைக்கும் நான் முழு மார்க் குடுத்தேன். யாரும் என்னை ஓரவஞ்சனைக்காரன்னு சொல்ல முடியாது.

ஆனா ருசி? அங்கதான் கூத்து ஆரம்பம்.

பல் டாக்டர் கண்ணை மூடிக்கிட்டார். "மொதல்ல மிளகு வருது. பின்னாடியே கோக்கோ." கோக்கோவாம். நாள் பூரா ஊரான் வாயை எட்டிப் பாக்கிற மனுஷன், அந்த மூக்குக்குக் கோக்கோ தெரியுதாம். பொங்கியண்ணன், "எனக்கு மழை பேஞ்ச மண்ணு வாசம் வருதுங்க, அதோட வறுத்த முந்திரிங்க"ங்கிறார். இதை அவர் வீட்டுப் பாயசத்துலயே பாத்திருக்கலாமே, நிகராகுவா வரைக்கும் எதுக்குப் போகணும்? கர்னல் தொண்டையைச் செருமிக்கிட்டு, "பழைய குதிரைச் சேணம்"னார். கேட்டீங்களா தம்பி, குதிரைச் சேணம்! சுருட்டுல! இந்த மனுஷன் ராணுவத்துல எதிரியைப் பாத்தாரா, இல்ல சேணத்தை நக்கிக்கிட்டு இருந்தாரா?

நான் புகையை வாயில வச்சு உருட்டினேன். கொஞ்சத்தை மூக்கு வழியா விட்டேன், அதுதான் முறை. சுருக்குனு எரிஞ்சுது. எரிச்சல் ஒரு வாசனையாய்யா? நாக்குல கசப்பு இருந்துச்சு, ஓரத்துல துளி இனிப்பு. அதோட சரி. சுருட்டு குறையக் குறைய ருசி மாறிக்கிட்டே வரும்பாங்க. பாதி வரைக்கும் பொறுத்தேன், மாறல. விரல் சுடற வரைக்கும் பொறுத்தேன், மாறல. எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டிருக்காங்க. நான் அணைச்சுட்டு, "வெறும் புகை"ன்னேன்.

பொங்கியண்ணன் முகம் தொங்கிப் போச்சு. "வெறும் பொகைங்களா?"ன்னு கேட்டார். "ஆமாய்யா, கட்டுமானம் பிரமாதம், உள்ள ஒண்ணுமில்ல. வாசல்ல கோலம் போட்டு வச்சிருக்கான், வீட்ல ஆள் இல்ல"ன்னேன். நல்லாச் சொன்னேனில்ல? நீங்க சிரிக்கறீங்க. அங்க ஒருத்தரும் சிரிக்கல.

உண்மையைச் சொன்னா எவனுக்குப் பிடிக்கும் தம்பி? நானும் கண்ணை மூடிக்கிட்டு, "ஆகா, ஆட்டுக்குட்டிக் காது வாசனை"ன்னு சொல்லியிருந்தா எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு அந்தப் புளுகு வராது. இல்லாததை இருக்குன்னு ஒரு நாளும் நான் சொன்னதில்ல.

அதுவும் இப்ப எதுலதான் சரக்கு இருக்கு, சொல்லுங்க. போன மழைக்கு எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. நல்லாப் போட்டு வாட்டிடுச்சு. எந்திரிச்சு வந்து பாக்கறேன், ஊரே மாறிப்போச்சு. நான் படுத்திருக்கிற நேரம் பாத்து எல்லாக் கடைக்காரனும் கலப்படத்துல எறங்கிட்டான். பெருங்காயத்துல பெருங்காயம் இல்ல. மல்லியில மல்லி இல்ல. ஊட்டித் தைலம், தலைவலிக்குத் தடவினா தெருவே மணக்குமே, அதுலயும் தண்ணியைக் கலந்துட்டான். சில்லுன்னு எரியுது, அவ்வளவுதான். மல்லிகைப்பூவுக்குக்கூட மருந்தடிச்சுக் கெடுத்துட்டாங்க. எஸ்தர்கிட்ட சொன்னா என் மூஞ்சியையே பாக்கறா.

அவளும் முன்ன மாதிரி இல்ல தம்பி. வயசாகுது. எதை எடுத்தாலும் மோந்து பாக்கறா. பாலைக் குடுக்கிறதுக்கு முன்னாடி மோந்து பாக்கறா, சாம்பாரை மோந்து பாக்கறா, என் சட்டையை மோந்து பாத்து, "கழட்டிப் போடுங்க, துவைக்கணும்"ங்கிறா. போன மாசம் அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப, மூடி வச்சிருந்த மீன் குழம்பை எடுத்துச் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் வயித்தைக் கலக்கி ஆஸ்பத்திரியில போட்டாங்க. முந்தின நாள் ஓட்டல்ல தின்ன பரோட்டாவாத்தான் இருக்கும். இவ என்னமோ மீன் குழம்பு மேல பழியைப் போட்டு அழுதா. வந்ததும் செஞ்ச முதல் வேலை, நல்லா இருந்த கேஸ் அடுப்பைத் தூக்கிட்டு, கரண்ட் அடுப்பைக் கொண்டு வந்து வச்சா. மீன் குழம்புக்கும் அடுப்புக்கும் என்னடி சம்பந்தம்னு கேட்டேன். அவ பாட்டுக்கு ஸ்விட்சைப் போட்டுப் பாத்தா. பொம்பளைங்க கணக்கே தனி.

எங்க விட்டேன்? ஆங், வெறும் புகை. பொங்கியண்ணன் விடல. "இன்னொரு பொட்டி இருக்குதுங்க, அடுத்த வாரம் அதையும் பாத்துட்டுச் சொல்லுங்க"ன்னார். சரி, அப்பீல் கேக்கறவனுக்கு இல்லைன்னா சொல்றது?

அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் திறந்தார். திறந்ததும் பல் டாக்டர் கர்சீப்பை எடுத்து மூக்குல வச்சுக்கிட்டார். கர்னல் நாற்காலியோட ரெண்டடி பின்னாடி போனார். எதுக்குங்கறீங்க? உள்ள அந்துருண்டை கிடந்துச்சாம். பொங்கியண்ணன் சம்சாரம், இலைதானே, பூச்சி அரிச்சிடப் போகுதுன்னு, பட்டுப்புடவைக்குப் போடற அந்துருண்டையை ஒரு கைப்பிடி உள்ள போட்டு, பீரோவுல பத்திரப்படுத்தி வச்சிருக்காங்க. பொங்கியண்ணன் தலையில அடிச்சுக்கிட்டார். "பாவி, அத்தனையும் போச்சுங்க, கக்கூஸ் நாத்தம் நாறுதுங்க."

நான் ஒண்ணை எடுத்துப் பத்த வச்சேன்.

"ஐயோ, வேண்டாமுங்க"ன்னார். "நான் பாத்துக்கறேன், சும்மா இருங்க"ன்னேன். வழக்கை எடுத்தா முடிச்சுத்தானே ஆகணும்? அவங்கெல்லாம் தள்ளி நின்னு இருமறாங்க. நான் ஒருத்தன் மட்டும் உக்காந்து, முறைப்படி வாயில உருட்டி, மூக்கு வழியா விட்டு, கடைசி வரைக்கும் குடிச்சேன். குடிச்சு முடிச்சுட்டுச் சொன்னேன், "போன வாரம் குடிச்சதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. இதுவும் வெறும் புகைதான். அந்துருண்டைன்னு சும்மா அலட்டாதீங்க."

பொங்கியண்ணன் கோபப்படுவார்னு பாத்தேன், அவர் என்னைப் பாக்காமத் தரையைப் பாத்தார். கர்னல் வந்து என் தோள்ல கை வச்சார். "மாணிக்கம், கோயமுத்தூர்ல ஒரு மூக்கு டாக்டர் இருக்கார். என் மருமகன்கிட்ட சொல்றேன். நாம ரெண்டு பேரும் போயிட்டு வரலாம்." என் மூக்குக்கு டாக்டர்! சேணம் நக்கினவர் சொல்றார்! அதோட விடாம, "அதுவரைக்கும் தீர்ப்பைக் கதிரேசன் சொல்லட்டும்"னு சொல்லிட்டார். பல் டாக்டர், என் நாற்காலியில! நான் குடையை எடுத்துக்கிட்டு வந்தவன்தான், இன்னும் அந்தப் பக்கம் போகல.

இப்ப நீங்க சொல்லுங்க, இது சதியா இல்லையா? மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டு மூக்கைப் பொத்தி நடிச்சிருக்காங்க. பொங்கியண்ணன் சுருட்டைக் குறை சொன்னேன்ல, அதுக்குப் பழி. அந்த நாற்காலி போனா போகட்டும்னு வாய்ல சொல்றேனே தவிர, மனசு ஆறல தம்பி. வாழ்க்கை பூரா இந்த மூக்கை வச்சுத்தான் நான் ஆளு. எனக்குப் படிப்பு கிடையாது, பெரிய சொத்து கிடையாது, பாட்டுப் பாடத் தெரியாது. மாணிக்கம் சொன்னா சரியா இருக்கும்னு நாலு பேரு சொல்வாங்க, அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் ஒரு பல் டாக்டர்கிட்ட தூக்கிக் குடுத்துட்டா, சனிக்கிழமை மத்தியானம் நான் எங்க போய் உக்கார்றது?

என்ன, ரொம்ப நேரமா சமையக்கட்டுப் பக்கமே பாக்கறீங்க? காபிதானே, வரும். பால் இன்னும் காயல. காஞ்சா நான்தான் சொல்றேன்னேனே.

ஏன் மூக்கைச் சுருக்கறீங்க? நீங்களுமா? கர்னல் உங்களுக்கும் சொல்லிக் குடுத்து அனுப்பிட்டாரா? ஏய் தம்பி, எங்க ஓடறீங்க, அது சமையக்கட்டு, மாடிப்படி இந்தப் பக்கம்...

ஐயோ.

இருங்க, இருங்க, சட்டியைத் தொடாதீங்க, சுடும். நான் ஜன்னலைத் திறக்கறேன். பால் எங்க? ஒரு சொட்டுக்கூட இல்லையே. அடியில கரிதான் இருக்கு. இந்தப் பிடிதுணிகூட ஓரத்துல கருகியிருக்கு, இது எப்ப அடுப்பு மேல கிடந்துச்சு?

உங்களுக்கு ஹால்லயே வந்துச்சா? எப்பலேருந்து? நான் கர்னல் கதையை ஆரம்பிக்கும்போதேவா? அப்ப ஏன்யா சொல்லல? நானே சொல்வேன்னு காத்திருந்தீங்களா? ஆமா, நான்தானே சொன்னேன், என் மூக்கு பாத்துக்கும்னு.

நகருங்க. கிட்டப் போய்ப் பாக்கறேன். விடுங்க தம்பி, ஒண்ணும் ஆகாது.

கண்ணு எரியுது. மூக்குக்குள்ள எரியுது.

வெறும் புகை.

அடுப்பை மட்டும் அணைச்சுட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்துக்கறேன், தரையிலயே, பரவாயில்ல. கேஸ் அடுப்பை எதுக்குடி தூக்கினேன்னு கேட்டு அவகிட்ட அத்தனை சண்டை போட்டேன் தம்பி. கேஸ் கசிஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு அவ ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமில்ல? கேக்கவே இல்ல. எத்தனை நாளா அவளுக்குத் தெரியும்? பாலை மோந்து, குழம்பை மோந்து, என் சட்டையை மோந்து... எனக்கும் சேத்து அவளே மோந்துக்கிட்டு இருந்திருக்கா. இன்னிக்குக் காலையில அவ கழுத்துல வெள்ளையாத் திட்டு இருந்துச்சு, பவுடர். நான் பாத்தேன். பக்கத்துலதான் நின்னா.

அதே டப்பாதான் போல.

சட்டியைத் தேச்சு வைக்கிறதுல அர்த்தமில்ல, அவ கேட்டுக்குள்ள நுழையும்போதே கண்டுபிடிச்சுடுவா. விடுங்க. ஒரு உதவி பண்ணுங்க. அந்த மேசை டிராயரைத் திறங்க, வலது பக்கம். நிகராகுவா சுருட்டு ஒண்ணு இருக்கும். முதல் பெட்டியில வந்தது, அந்துருண்டை படாதது. பொங்கியண்ணன் அன்னிக்கு என் சட்டைப் பையில வச்சு அனுப்பினார். எவ்வளவு ஆசையாக் குடுத்தார் தெரியுமா, அந்த மனுஷன். அவர்கிட்ட போய், வீட்ல ஆள் இல்லைன்னேன்.

சுருட்டுப் பழக்கம் இல்லையா? பத்த வைக்க வேணாம், சும்மா மோந்து பாருங்க, போதும். இங்க வேணாம், இங்க பால் கருகின நாத்தம் இருக்கும். இருக்குமில்ல? வாங்க, வாசலுக்குப் போவோம், என்னைக் கொஞ்சம் தூக்கி விடுங்க. ஆங், இங்க நில்லுங்க. மூக்குக்குக் கிட்டப் பிடிங்க. அவசரமில்ல, எஸ்தர் வர நேரமிருக்கு.

என்ன வருதுன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்க தம்பி, மெதுவா. கோக்கோன்னாலும் சொல்லுங்க, மழை பேஞ்ச மண்ணுன்னாலும் சொல்லுங்க. குதிரைச் சேணம்னு தோணினா அதையும் சொல்லிடுங்க. நான் சிரிக்க மாட்டேன்.